பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியை வாசிப்பது எப்படி?

மெலிந்த குழலும் சாய்ந்த கைப்பிடியும் கொண்ட ஒரு கைத்துப்பாக்கி ஏலத்துக்கு வந்தால் போதும், உடனே அதற்கு 'நாஜி லூகர்' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். திரைப்படங்கள் செய்த வேலை அது. அந்த வகைத் துப்பாக்கி 1908ஆம் ஆண்டே ஜெர்மன் தரைப்படையில் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டில் ஹிட்லர் வியன்னாவில் ஓவியக் கல்லூரியில் இடம் கேட்டு அலைந்துகொண்டிருந்த இளைஞர். 'நாஜி' என்ற ஒட்டுச்சீட்டோடு விற்கப்படும் துப்பாக்கிகளில் பல, கெய்சர் எனப்பட்ட ஜெர்மன் பேரரசரின் படைக்காகச் செய்யப்பட்டு, 1918க்குப் பின் வந்த வைமார் குடியரசின் படையில் இருந்து, பிறகுதான் ஹிட்லரின் படைக்குப் போய்ச் சேர்ந்தவை.

சேகரிப்பாளர்களிடம் கேட்டால் குழப்பம் தீரும் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. இரட்டைத் தேதி, பிரிவுக் குறி, எண் பொருத்தம், வைக்கோல் நிறம் என்று அவர்கள் பேசத் தொடங்கினால் புதியவர் வாயடைத்துப் போவார். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் என்ன சொல்கின்றன என்பதை 1918 முதல் 1939 வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

துப்பாக்கி வாங்குவதற்கான வழிகாட்டி அல்ல இது. ராணுவ லூகர் சுடும் 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரண உரிமம் உள்ளவரும் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு இது படித்தும் அருங்காட்சியகத்தில் பார்த்தும் அறிய வேண்டிய விஷயம்தான்.

பெயர் வெட்டிய பாத்திரம்

நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. ஒரு பழைய குடத்தை எடுத்துப் பாருங்கள். கழுத்தில் ஒரு பெயரும் தேதியும் இருக்கும். அது கல்யாணச் சீராக வந்தபோது வெட்டியது. பக்கத்தில் வேறொருவர் கையால் வெட்டிய முதலெழுத்துகள் இருக்கும். பாகம் பிரித்தபோது யார் பங்குக்குப் போனது என்பதற்கு அடையாளம் அது. அடியில் செய்தவர் முத்திரை. விவரம் தெரிந்த பாட்டி இதைப் பார்த்தே குடத்தின் கதையைச் சொல்லிவிடுவார். தெரியாதவர் முதலில் கண்ணில் படும் தேதியையே குடம் செய்த தேதி என்று எண்ணிக்கொள்வார்.

ராணுவக் கைத்துப்பாக்கியிலும் இப்படிப் பல கைகள் பல காலத்தில் வெட்டிய குறிகள் இருக்கின்றன. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். செய்த தொழிற்சாலையின் பெயரோ சின்னமோ தாங்கியது தயாரிப்பாளர் முத்திரை. ராணுவத்தின் ஆய்வாளர் பார்த்து 'சரி' என்று ஏற்றதற்கு அடித்த சிறு சின்னம் ஆய்வு முத்திரை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தரப்பட்ட எண் வரிசை எண். அது யாருடையது, எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்று சொல்வது உடைமைக் குறி. தவறான புரிதல்கள் எல்லாம் இந்த நான்கில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

லூகர் என்ற இயந்திரம்

குறிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் துப்பாக்கியின் அமைப்பைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

ஹூகோ போர்ஷார்ட் 1893இல் உருவாக்கிய ஒரு பருமனான துப்பாக்கியைக் கையடக்கமாக மாற்றி அமைத்தவர் கியோர்க் லூகர். பெர்லினில் இருந்த டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத நிறுவனம் அதைத் தயாரித்தது. முதலில் வாங்கிய ராணுவம் ஜெர்மனியுடையது அல்ல. 1900இல் சுவிட்சர்லாந்துதான் அதை ஏற்றது. ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. தரைப்படை வைத்த பெயர் பி.08. 'பி' என்பது பிஸ்டல், '08' என்பது ஆண்டு. தரைப்படை வடிவத்தின் குழல் சுமார் 10 செ.மீ. நீளம், தோட்டா 9 மி.மீ.; கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் எட்டுத் தோட்டாக்கள்.

மற்றக் கைத்துப்பாக்கிகளில் சுடும்போது மேல்பகுதி நேராகப் பின்னால் நகரும். லூகரில் அப்படியில்லை. தோட்டா வெடிக்கும்போது அதன் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் பகுதி, இரண்டு தண்டுகளை இணைக்கும் ஒரு மூட்டோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. மூட்டு நேராகப் படுத்திருக்கும்வரை அடைப்பு திறக்காது. குழலும் மூட்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னால் நகர்ந்ததும், மூட்டின் இருபக்கக் குமிழ்கள் உடற்பகுதியில் உள்ள சரிவில் மோதுகின்றன. மூட்டு மேல்நோக்கி மடிகிறது, அடைப்பு திறக்கிறது, காலித் தோட்டா வெளியே விழுகிறது. பிறகு சுருள்வில் மூட்டை மறுபடி நேராக்கும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது.

இந்த மடங்கு மூட்டின் முன்தண்டுதான் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும் இடம். டி.டபிள்யூ.எம். என்றால் மூன்று எழுத்துகளும் பின்னிப்பிணைந்த ஒரு சின்னம். எர்ஃபர்ட் அரசு ஆயுதச்சாலை என்றால் மகுடமும் ஊர்ப்பெயரும். அதற்கு முன்னால், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான தோட்டா அறையின் மேற்புறத்தில் ஆண்டு. கைப்பிடியின் முன்பட்டையில் படைப்பிரிவுக் குறி. இந்த மூன்று இடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1920 என்றால் என்ன?

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான்.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். பலர் ஆயுதத்தோடு திரும்பினார்கள். 1920 மார்ச்சில் பெர்லினில் காப் என்பவர் தலைமையில் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதைத் தொடர்ந்து ரூர் தொழிற்பகுதியில் தொழிலாளர் எழுச்சி வெடித்தது. வலதுசாரிகளிடமும் இடதுசாரிகளிடமும் போர்க்காலத் துப்பாக்கிகள் இருந்தன. வெற்றி பெற்ற நாடுகளோ மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்குங்கள் என்று நெருக்கின. 1920 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜெர்மன் அரசு பொதுமக்களின் ஆயுதங்களைக் களையும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டம் வந்ததும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. படைவீரர் கையில் இருப்பதும் பி.08, திருட்டுத்தனமாகப் பரணில் ஒளித்துவைத்திருப்பதும் பி.08. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ராணுவமும் காவல்துறையும் சட்டப்படி வைத்திருந்த ஆயுதங்களில் '1920' என்று ஒரு முத்திரை அடித்தார்கள். அது அரசு உடைமை என்பதற்கான குறி. முத்திரை இல்லாத ராணுவத் துப்பாக்கி ஒருவரிடம் அகப்பட்டால் அது ஒப்படைக்கப்படாத துப்பாக்கி.

ஆகவே 1917இல் செய்து 1920இல் முத்திரை பெற்ற துப்பாக்கியின் தோட்டா அறை மீது இரண்டு ஆண்டுகளும் தெரியும். இதைத்தான் சேகரிப்பாளர்கள் இரட்டைத் தேதி என்கிறார்கள். முந்தைய ஆண்டு அது பிறந்த ஆண்டு. 1920 அது அரசின் கணக்கில் ஏறிய அடையாளம். அச்சுப் பிழை என்றோ போலி என்றோ எண்ணி ஒதுக்கியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு துப்பாக்கி காட்ட வேண்டுமென்றால் இரட்டைத் தேதி லூகரைத்தான் காட்டுவேன். தோற்ற ஒரு நாடு தன் சொந்த மக்களைப் பார்த்து அஞ்சிய ஆண்டு அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: மூட்டின் மேல் தயாரிப்பாளர், அறையின் மேல் ஆண்டு, கைப்பிடிப் பட்டையில் பிரிவு. '1920' தனியாக வந்தாலும் இன்னோர் ஆண்டோடு சேர்ந்து வந்தாலும், அதைச் செய்த ஆண்டு என்று உடனே முடிவு கட்டக் கூடாது.

ஒரு லட்சம் பேர் கொண்ட படை

1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் தரைப்படையை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. அந்தச் சிறிய படைக்கு ரைக்ஸ்வேர் என்று பெயர். பெரும் போரில் செய்து குவித்த கைத்துப்பாக்கிகளில் ஒரு பகுதியே அதற்குப் போதும். அதனால் 1920களில் ரைக்ஸ்வேர் அதிகாரி இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் புதுத் துப்பாக்கி அல்ல. பழுது பார்த்து, தேவைப்பட்ட பாகங்களை மாற்றி, மீண்டும் முத்திரையிட்ட பேரரசுக் காலத்துத் துப்பாக்கி. போரில் பீரங்கிப் படைக்கென 20 செ.மீ. குழலோடு செய்யப்பட்ட லூகர்களும் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குக் குட்டைக் குழல் பொருத்திப் பயன்படுத்தினார்கள்.

புதிதாகச் செய்யும் உரிமையோ ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் கிடைத்தது. துரிங்கியாவில் ஸூல் என்ற ஊரில் இருந்த சிம்சன் நிறுவனம் அது. நேச நாடுகளின் கண்காணிப்புக் குழு ஒவ்வொரு வகை ஆயுதத்தையும் குறிப்பிட்ட ஆலையே செய்யலாம் என்று கட்டுப்படுத்தியிருந்தது. ராணுவத்துக்கான லூகர் சிம்சனுக்கு வந்தது. லூகரைப் பிறப்பித்த டி.டபிள்யூ.எம். நிறுவனமோ தனியார் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் 7.65 மி.மீ. துப்பாக்கிகளைச் செய்து காலம் தள்ளியது.

சிம்சனின் கதையைச் சொல்லாமல் இந்தக் காலத்தைத் தாண்டிப் போக முடியாது. 1856இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது ஒரு யூதக் குடும்பம். வைமார் குடியரசின் படைக்குச் சட்டப்படி லூகர் செய்துகொடுத்த ஒரே ஆலை யூதர்களுடையது என்பது நாஜிகளுக்குப் பொறுக்கவில்லை. துரிங்கியாவின் நாஜித் தலைவர் ஃபிரிட்ஸ் சவுக்கல் அந்த ஆலையைக் குறிவைத்தார். அரசை ஏமாற்றி அதிக லாபம் ஈட்டியதாகக் குற்றச்சாட்டு, கைது, மிரட்டல் என்று நெருக்கிக் குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனத்தைப் பறித்தார்கள். 1936இல் குடும்பத்தினர் நாட்டை விட்டுத் தப்பினார்கள். ஆலை பிறகு குஸ்ட்லோஃப் என்ற நாஜி நிறுவனத்தின் பகுதியானது. சவுக்கல் 1946இல் நியூரம்பர்கில் தூக்கிலிடப்பட்டார். மூட்டின் மேல் 'சிம்சன், ஸூல்' என்ற எழுத்துள்ள துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை தருவது அது குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டதால்தான். விலைப்பட்டியலில் அந்தக் குடும்பத்தின் கதைக்கு இடமில்லை.

லூகரைச் செய்யும் இயந்திரங்கள் 1930இல் பெர்லினிலிருந்து ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசர் ஆலைக்கு மாற்றப்பட்டன. அதன் பிறகும் சில ஆண்டுகள் மௌசர் ஆலை பழைய டி.டபிள்யூ.எம். சின்னத்தையே மூட்டில் வெட்டிக்கொண்டிருந்தது. எனவே அந்தச் சின்னம் இருப்பதால் மட்டும் துப்பாக்கி பெர்லினில் செய்தது ஆகிவிடாது.

கே, ஜி, எஸ்/42

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு படையைப் பெருக்கும் வேலை மறைவாகத் தொடங்கியது. உடன்படிக்கை இன்னும் நடைமுறையில் இருந்தது. எத்தனை துப்பாக்கி, எந்த ஆலையில் என்று வெளியே தெரியக் கூடாது. ஆகவே மௌசர் செய்த ராணுவ லூகர்களில் மூட்டின் மேல் பெயருக்குப் பதிலாக 'எஸ்/42' என்ற மறைகுறி. ஆண்டுக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்து. 'கே' என்றால் 1934, 'ஜி' என்றால் 1935.

1935 மார்ச்சில் ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையை வெளிப்படையாக அறிவித்து உடன்படிக்கையைத் தூக்கி எறிந்தார். அடுத்த ஆண்டு செய்த துப்பாக்கிகளில் '1936' என்று இலக்கத்திலேயே ஆண்டு வந்துவிட்டது. ஆலையின் மறைகுறி மட்டும் தொடர்ந்தது.

பிரிவுக் குறியும் கொஞ்சம் கணக்கும்

கைப்பிடியின் முன்பட்டையில் புள்ளிகளும் எண்களுமாக ஒரு வரி இருந்தால் அது பிரிவுக் குறி: துப்பாக்கி எந்தப் படைப்பிரிவின் கையிருப்பில் இருந்தது என்பதைச் சொல்லும் உடைமைக் குறி. '2./ஜே.ஆர்.5.14.' என்ற வடிவில் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் காலாட்படை ரெஜிமென்டின் இரண்டாம் கம்பெனிக்குரிய பதினான்காம் துப்பாக்கி என்று பொருள். ஜெர்மானியர் அந்நாளில் 'ஐ' என்ற பெரிய எழுத்தை 'ஜே' போலவே எழுதியதால் காலாட்படை (இன்ஃபன்டெரி) ரெஜிமென்டுக்கு 'ஜே.ஆர்.' என்று வரும். குதிரைப்படை (ரைட்டர்) ரெஜிமென்டுக்கு 'ஆர்.ஆர்.'.

இங்கேதான் வரலாறு ஒரு சோதனைக் கருவியாகிறது. ரைக்ஸ்வேரில் ஏழு காலாட்படை டிவிஷன்கள், மூன்று குதிரைப்படை டிவிஷன்கள். காலாட்படை ரெஜிமென்டுகள் 21. குதிரைப்படை ரெஜிமென்டுகள் 18. உடன்படிக்கை அதற்கு மேல் விடவில்லை. ஆகவே 1920களின் ரைக்ஸ்வேர் குறி என்று ஒருவர் காட்டும் வரியில் 'ஜே.ஆர்.' என்பதற்குப் பின் 46 என்று இருந்தால் அப்படி ஒரு ரெஜிமென்ட் அப்போது கிடையாது. கெய்சர் காலத்துக் குறிகளில் பெரிய எண்கள் வரும். ஆனால் அங்கே ரெஜிமென்டின் எண் முதலிலும் 'ஆர்' என்ற எழுத்து அதற்குப் பின்னும் வரும். சில துப்பாக்கிகளில் பழைய குறியைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதை வெட்டியிருப்பார்கள். அப்படியொரு துப்பாக்கி கிடைத்தால் விடாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு படைகளின் கையெழுத்து ஒரே பட்டையில் கிடைக்கிறதே.

காவல்துறையின் துப்பாக்கிகளில் குறி வேறு மாதிரி. 'எஸ்' என்று தொடங்கினால் நகரக் காவல். 'எல்' என்று தொடங்கினால் ஊர்ப்புறக் காவல். பிறகு மாவட்டத்தின் சுருக்கெழுத்து. காவல்துறை லூகர்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. விசையின் அழுத்தத்தைக் கடத்தும் பட்டை லூகரில் இடப்பக்கம் வெளியே தெரியும்படி இருக்கிறது. அறைக்குள் தோட்டா இருப்பதை மறந்து துப்பாக்கியைப் பிரித்தால், உடலிலிருந்து கழற்றிய குழற்பகுதி கையிலேயே வெடித்துவிடக்கூடும். இதைத் தடுக்க 1930களின் தொடக்கத்தில் காவல்துறை அந்தப் பட்டையை மறிக்கும் ஒரு மெல்லிய கூடுதல் பூட்டைப் பொருத்தியது. பிற்காலத்தில் அது கழற்றப்பட்டிருந்தாலும் பொருத்துவதற்குப் போட்ட துளை காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை: ஆண்டும் பெயரும் ஆலையைச் சொல்லும், பிரிவுக் குறி பயனாளரைச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரு துப்பாக்கி முப்பது ஆண்டு உழைத்திருந்தால் முரண்பாடு இயல்பு. வரலாற்றில் இல்லாத ஒன்றைச் சொல்லும் குறிதான் போலி.

எண் பொருத்தம்

லூகரின் உடல், குழல், குழலைத் தாங்கும் பகுதி ஆகியவற்றில் முழு வரிசை எண் இருக்கும். சின்னஞ்சிறு பாகங்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் அதுவே எண் பொருத்தம். இவ்வளவு எண்கள் ஏன் என்றால், பாகங்கள் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை; ஒன்றின் பாகம் மற்றொன்றில் சரியாக அமராமல் போகலாம். நூறு துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டும் படைமுகாமில் எண் இல்லாவிட்டால் எல்லாம் கலந்துவிடும்.

மேகசினுக்கும் எண் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு மேகசின்கள் தரப்பட்டன. இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறி. மேகசின்கள் எளிதில் கைமாறுபவை என்பதால் துப்பாக்கியின் எண்ணோடு ஒத்த ஒரு மேகசின் கிடைத்தாலே சேகரிப்பாளர் துள்ளுவார். இரண்டும் ஒத்தால் அன்று அவருக்குத் தூக்கம் வராது.

ஆனால் 'எல்லா எண்ணும் பொருந்துகிறது' என்ற வாக்கியத்துக்கு மூன்று பொருள் இருக்கலாம். ஆலையிலிருந்தே ஒரே எண்ணோடு வந்திருக்கலாம். ராணுவப் பழுதுபார்ப்புக் கூடத்தில் பாகத்தை மாற்றி, பழைய எண்ணை அடித்து, புதிய எண்ணை வெட்டியிருக்கலாம்; இது வரலாற்றின் ஒரு பகுதி, குறை அல்ல. கடந்த சில ஆண்டுகளில் ஒரு விற்பனையாளர் எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிதாக வெட்டியிருக்கலாம், இது மோசடி. மூன்றையும் பிரித்தறிய எழுத்துருவின் வடிவம், வெட்டின் ஆழம், சுற்றியுள்ள மேற்பூச்சின் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மேற்பூச்சைப் பற்றி ஒரு சொல். அந்நாளில் இரும்பின் மேல் மெல்லிய துருவை வேண்டுமென்றே ஏற்றி, கொதிநீரில் இட்டு, தேய்த்து, மீண்டும் ஏற்றி ஓர் ஆழ்ந்த நீலக் கருமையைக் கொண்டுவந்தார்கள். விசை, பாதுகாப்புப் பூட்டு போன்ற சிறு பாகங்களைச் சூடாக்கி வைக்கோல் நிறமாக விட்டார்கள். மௌசர் ஆலை 1937 வாக்கில் வேகமான உப்புக்கரைசல் முறைக்கு மாறியது. சிறு பாகங்களும் கருமையாகிவிட்டன. ஆகவே 1925ஐச் சேர்ந்தது என்று சொல்லும் துப்பாக்கியில் எல்லாப் பாகங்களும் ஒரே கண்ணாடிக் கருமையில் பளபளத்தால் யாரோ பின்னாளில் பூச்சு போட்டிருக்கிறார்கள். அந்தப் பளபளப்புக்காகவே கூடுதல் பணம் தருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தேய்ந்துபோன விளிம்பும் மங்கிய நீலமும் உள்ள துப்பாக்கியில்தான் வாசிக்க ஏதாவது மிஞ்சியிருக்கும்.

உறை: எல்லோரும் மறக்கும் பாதி

பி.08 உறை வெறும் தோல் பை அல்ல. துப்பாக்கியை முழுக்க மூடும் கெட்டியான மாட்டுத்தோல் கூடு அது. மேல்மூடி வாரும் கொக்கியும் கொண்டு அடைபடும். முன்விளிம்பில் இரண்டாவது மேகசினுக்கான தனிப் பை. மூடியின் உள்பக்கம் ஒரு சிறு பை; திருப்புளியாகவும் மேகசினில் தோட்டா நிரப்ப உதவும் நெம்பாகவும் பயன்படும் தட்டையான கருவி அதற்குள் இருக்கும். கூட்டுக்குள் ஒரு தோல்வார் ஓடுகிறது. அதை இழுத்தால் துப்பாக்கி மேலே எழும்பி வரும். பின்புறம் பெல்ட் நுழைய இரண்டு வளையங்கள். ஜெர்மன் வீரர் அதை இடப்பக்க இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்கும்படி அணிந்தார்.

உறையின் முத்திரைகள் பெரும்பாலும் பின்புறத்திலோ மூடியின் உள்ளேயோ இருக்கும். செய்த தோல்பட்டறையின் பெயர், ஊர், ஆண்டு. பேரரசுக் காலத்து உறையாக இருந்தால் 'பி.ஏ.' என்ற எழுத்துகளும் ஒரு ரோமன் எண்ணும் இருக்கலாம்; அந்த எண்ணுக்குரிய படைத்தொகுதியின் உடை வழங்கும் அலுவலகம் ஏற்றதற்கான அடையாளம் அது. சிலவற்றில் படைப்பிரிவுக் குறியும் இருக்கும்.

நிறமும் பேசும். பேரரசின் உறைகள் தொடக்கத்தில் பழுப்பு நிறத்தவை. உலகப் போரின் நடுவிலும் அதற்குப் பின்னும் பல உறைகள் கறுப்பாக்கப்பட்டன. கறுப்பு உறையைப் பார்த்ததும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் பெல்ட் வளையங்களுக்குப் பின்னால், சாயம் எட்டாத இடத்தில், பழுப்பு எட்டிப்பார்க்கிறதா என்று பார்ப்பதில்லை. சிறிய ரைக்ஸ்வேருக்குப் போதுமான பழைய உறைகள் கிடங்கில் இருந்ததால் 1920களின் தேதி தாங்கிய உறை அரிது. அரிது என்பதாலேயே போலி அதிகம்.

போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தோலும் நூலும். புதுத் தோலில், ஈரப்பதம் இருக்கும்போது அழுத்திய முத்திரையின் ஓரங்கள் வழவழப்பாக இருக்கும். தொண்ணூறு ஆண்டு காய்ந்த தோலில் நேற்று அழுத்திய முத்திரையின் ஓரங்களில் மேற்தோல் வெடித்திருக்கும். மேற்பரப்பின் வெடிப்புகள் எழுத்தையும் சேர்த்துப் பிளந்துகொண்டு ஓடினால் முத்திரை பழையது. எழுத்து வெடிப்பின் மேலேறி அமர்ந்திருந்தால் முத்திரை புதியது. நூலுக்குப் புற ஊதா விளக்கு போதும். அந்நாளைய நூல் சணல் வகை; இன்றைய செயற்கை நூல்களில் பல அந்த விளக்கின்கீழ் வெள்ளையாக ஒளிரும். ஸ்வஸ்திகா முத்திரையோடு '1926' தேதியும் இருந்தால் ஒன்று அந்த உறை பிற்காலத்திலும் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது விலையை ஏற்ற யாரோ சுத்தியலை எடுத்திருக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

துப்பாக்கியும் உறையும் ஜோடியா?

விற்பனை விளம்பரங்களில் 'அசல் உறையோடு' என்ற சொல் தாராளமாக வரும். கேட்கவேண்டிய கேள்வி, எதன் அசல் என்பது. அந்தக் காலத்து உறை என்ற பொருளில் அது உண்மையாக இருக்கலாம். இந்தத் துப்பாக்கியின் உறை என்ற பொருளில் அதை நிறுவுவது மிகக் கடினம். துப்பாக்கிக்கும் மேகசினுக்கும் எண் என்ற பாலம் இருக்கிறது. உறையில் பொதுவாகத் துப்பாக்கியின் வரிசை எண் வெட்டப்படுவதில்லை.

இந்தத் துப்பாக்கிகள் பல உலகைச் சுற்றியது 1945இல், போர் நினைவுப் பொருளாக. அமெரிக்க வீரர் ஒருவர் சரணடைந்தவர்களின் ஆயுதக் குவியலிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார்; பக்கத்துக் குவியலிலிருந்து நல்லதாக ஓர் உறையை எடுத்தார். ஊருக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றும் வாங்கிக்கொண்டார். அந்தச் சான்றிதழ் இன்றும் இருந்தால், அதில் வரிசை எண் எழுதியிருந்தால், அது துப்பாக்கியின் பயணத்துக்கு நல்ல சாட்சி. உறைக்கு அது சாட்சி ஆகாது.

தேதி ஒத்துப்போகவில்லை என்பதும் தவறான ஜோடி என்பதற்கு ஆதாரமல்ல. 1917இல் பிறந்து 1920 முத்திரை பெற்ற துப்பாக்கிக்கு 1936இல் புது உறை தரப்பட்டிருக்கலாம். தோல் இரும்பைவிட முன்னதாகவே கிழிந்துபோகும். இரண்டிலும் ஒரே படைப்பிரிவின் குறி இருந்தால் நம்பிக்கை கூடும். துப்பாக்கியின் வடிவம் உறையின் உட்பக்கத்தில் பதிந்த தடமும், உலோகத்தில் உறை உராய்ந்த தேய்மானமும் ஒன்றோடொன்று பொருந்தினால் இன்னும் கொஞ்சம் கூடும். உறுதி என்ற சொல்லை நெருங்கவே முடியாது. அதை விலையில் சேர்க்கிறவரிடம் விலகி நில்லுங்கள்.

அருங்காட்சியகத்தில் உறையும் துப்பாக்கியும் தனித்தனியே கிடப்பதைப் பார்த்து ஜோடியைப் பிரித்துவிட்டார்களே என்று சிலர் குறைப்படுவார்கள். காரணம் வேறு. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். பல மாதம் உறைக்குள்ளேயே கிடக்கும் துப்பாக்கியின் நீலப்பூச்சு, தோல் படும் இடமெல்லாம் துருவாகிவிடும். உறைக்குள் அமிலம் நீக்கிய காகிதத்தைச் சுருட்டி வைத்தால் வடிவம் நிற்கும். மினுமினுப்புக்காக எண்ணெய் தடவினால் கெட்டியான தோல் தொளதொளத்து, முத்திரைகளும் மங்கிவிடும். இரண்டையும் பிரித்து வைக்கும்போது எந்த உறையோடு எந்தத் துப்பாக்கி வந்தது, எப்போது, யாரிடமிருந்து என்று ஒரு சீட்டில் எழுதி இரண்டோடும் வைத்துவிடுவது சேகரிப்பாளர்களின் நல்ல வழக்கம். அடுத்த கைக்குப் போகும்போது அந்த ஜோடிக்கு வேறு ஆவணம் இருக்காது.